தார் பாலைவனத்தின் மாதவாரி வானிலையும் பருவமழையும்: நீலகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரிக்கும் ராஜஸ்தானின் மேற்கு மாவட்டங்களுக்கும் இடையே நாம் நினைப்பதைவிட அதிகமான போக்குவரத்து உண்டு. வெலிங்டனில் பயிற்சி முடித்த வீரர்களில் பலர் ஜெய்சல்மேர், பார்மேர், ஜோத்பூர் பக்கம் பணிக்கு அனுப்பப்படுகிறார்கள். ஊட்டி, குன்னூர் கடைவீதிகளில் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் மார்வாடிக் குடும்பங்களின் திருமணங்களுக்கு நம்மவர்களும் அழைப்பின் பேரில் போய் வருகிறார்கள். சீசன் முடிந்து கையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்போது ராஜஸ்தான் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் குடும்பங்களும் இருக்கின்றன. இவர்கள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் என்பதால், அவற்றுக்கான விடைகளை மலைவாசிகளுக்குப் புரியும் அளவுகோல்களைக் கொண்டு இங்கே விளக்கியிருக்கிறேன்.

பாலைவனத்தில் மழையே பெய்யாது என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை. தார் பாலைவனத்தில் ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. உலகின் பாலைவனங்களில் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி தார் என்று சொல்லப்படுவதற்கு அந்த மழையே முதல் காரணம். அங்கே கம்பு விளைகிறது, ஆடு மாடுகள் மேய்கின்றன, ஊருக்கு ஊர் குளங்கள் இருக்கின்றன. சகாராவின் நடுப்பகுதியை மனத்தில் வைத்துக்கொண்டு ஜெய்சல்மேருக்குப் போகிறவர், ஆகஸ்ட் மாதத்தில் அங்கே பச்சைப் புல்லைப் பார்த்து வியந்துபோவார்.

ஆண்டுக்கு எவ்வளவு மழை? நம்மூரோடு ஒப்பிட்டால் எப்படி?

ஜெய்சல்மேரின் ஆண்டுச் சராசரி சுமார் 200 மி.மீ. கிழக்கே போகப் போக அளவு கூடும். பிகானேரில் 250 மி.மீ.க்குச் சற்று மேலும், ஜோத்பூரில் 350 மி.மீ.க்குச் சற்று மேலும் பெய்கிறது. ஆரவல்லி மலைத்தொடரைத் தாண்டி உதய்பூருக்குப் போனால் 600 மி.மீ.க்கு மேல். ஊட்டியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மி.மீ. கூடலூர், தேவாலா பக்கம் அதைவிட மிக அதிகம். நம் எஸ்டேட்களில் இன்றும் இஞ்சில் கணக்கு வைப்பவர்களுக்காகச் சொல்வதென்றால், ஜெய்சல்மேருக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது எட்டு இஞ்ச். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் பதிவானது. ஜெய்சல்மேருக்கு நான்கரை ஆண்டுகளில் கிடைக்கும் மழை அது.

ஆனால் இந்தச் சராசரியை அதிகம் நம்பக்கூடாது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. ஊட்டியில் ஓர் ஆண்டு மழை குறைந்தது என்றால் சராசரியில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ குறையும். ஏரியில் தண்ணீர் இறங்கும், காய்கறித் தோட்டத்துக்கு மோட்டார் அதிகம் ஓடும், அவ்வளவே. ஜெய்சல்மேரில் ஓர் ஆண்டு சராசரியில் பாதி மழைகூட இல்லாமல் போகும்; அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு கொட்டும். இரண்டையும் கூட்டிப் பங்கிட்டால் வரும் எண்ணை எந்த ஆண்டிலும் அங்குள்ள விவசாயி கண்ணால் காண்பதில்லை. மழை நாள் என்று வானிலைத் துறை கணக்கிடுவது 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளை. அப்படிப்பட்ட நாட்கள் ஜெய்சல்மேரில் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு இருந்தால் உண்டு. அதில் மூன்று நாட்கள் தவறினால் அந்த ஆண்டின் பயிரே தவறிவிடக்கூடும்.

பருவமழை அங்கே எப்போது போய்ச் சேருகிறது?

கேரளத்தில் ஜூன் 1 அன்று தொடங்குவது தென்மேற்குப் பருவமழையின் இயல்பு. அடுத்த சில நாட்களிலேயே பந்தலூரிலும் கூடலூரிலும் குடை விரிகிறது. அங்கிருந்து நாடு முழுவதும் பரவி, கடைசியாக மேற்கு ராஜஸ்தானின் எல்லை ஓரத்தைத் தொடுவது ஜூலை 8 வாக்கில். 2020க்கு முன்பு இந்த இயல்பான தேதி ஜூலை 15 என்று இருந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அண்மைய பல ஆண்டுகளின் பதிவுகளைக் கொண்டு அதைத் திருத்தியது. கடைசியாகப் போய்ச் சேரும் அதே இடத்திலிருந்துதான் பருவமழை முதலில் விலகவும் தொடங்குகிறது. பழைய கணக்கில் செப்டம்பர் 1, இப்போதைய கணக்கில் செப்டம்பர் 17.

ஆக, நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்கள், பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டின் பெரும்பகுதி மழைக்காலமாக இருக்க, அவர்களுக்குப் பத்து வாரங்கள் மட்டுமே. வடகிழக்குப் பருவமழை அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டி, குன்னூர் பக்கமெல்லாம் மண் சரிந்து உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. அந்த நவம்பர் மாதம் ஜெய்சல்மேரில் ஆண்டின் மிக வறண்ட மாதங்களில் ஒன்று.

அரபிக்கடல் அருகிலேயே இருக்கிறதே, பிறகு ஏன் மழை இவ்வளவு குறைவு?

நல்ல கேள்வி. நீலகிரிக்காரர்கள் உடனே சொல்லும் விடை, மழை மறைவுப் பகுதி என்பது. மசினகுடியும் சீகூரும் வறண்டிருப்பதற்கு அதுதான் காரணம்: தென்மேற்குக் காற்று முக்கூர்த்தி, அவலாஞ்சி, மேல்பவானி மலைகளில் நேராக மோதி, மேலே ஏறி, குளிர்ந்து, தன் ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது அது வெப்பமும் வறட்சியும் கொண்ட காற்றாக மாறிவிடுவதால், குந்தாவில் சாரல் விடாமல் அடிக்கும் நாளிலும் மோயாறு பள்ளத்தாக்கில் வெயில் அடிக்கிறது.

தாரின் கதை வேறு. அங்கே மலை குறுக்கே நிற்பதால் மழை குறையவில்லை. நிற்க வேண்டிய திசையில் மலை நிற்காததால் குறைகிறது. ஆரவல்லி மலைத்தொடர் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, அரபிக்கடல் காற்று வீசும் திசையிலேயே நீண்டு கிடக்கிறது. காற்று மலையோடு உரசிக்கொண்டு போகிறதே தவிர மோதி மேலேறுவதில்லை. அந்தத் தொடரிலேயே உயரமாக எழும்பி நிற்கும் அபு மலையில், 1,722 மீட்டர் உயரமுள்ள குரு சிகரம் இருக்கும் இடத்தில், ஆண்டுக்கு 1,500 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது என்பதே இதற்குச் சான்று. அந்த மலையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் பார்மேர் வந்துவிடுகிறது. அங்கே ஆண்டுச் சராசரி 300 மி.மீ.யைக்கூட எட்டுவதில்லை.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் வலுவானது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தாரின் மீது ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரைகூட இருப்பதில்லை. அதற்கு மேலே, மேற்கிலிருந்து வரும் வெப்பமான வறண்ட காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது. ஈரக்காற்று மேலேறி மேகமாக வளர முயன்றால், அந்த வறண்ட அடுக்கு அதைத் தடுக்கிறது. ஜூலையில் ஜெய்சல்மேரில் நின்றால் உடம்பெல்லாம் புழுங்கும், வானத்தில் சிறு மேகங்கள் திரளும், மாலையில் எல்லாம் கரைந்துபோகும். காற்றில் ஈரம் இருக்கிறது. அதைத் தூக்கிவிடத்தான் ஒன்றுமில்லை.

மூன்றாவது, வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகள். ஒடிசாவில் கரையேறி, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் வழியாக வடமேற்காக நகரும் அவற்றுக்கு, ராஜஸ்தானின் மேற்கு எல்லையை அடையும்போது உயிர் குறைந்துவிடுகிறது. எப்போதாவது ஒன்று வலுக்குறையாமல் வந்து சேர்ந்தால் மேலே சொன்ன மூடி உடைந்துவிடும். அப்போதுதான் பாலைவனத்தில் பெருமழை.

பாலைவன வெயில்தான் நமக்கு மழையைக் கொண்டுவருகிறது என்று சொல்வது சரியா?

பெருமளவு சரி. மே, ஜூன் மாதங்களில் தாரும் அதையடுத்த பாகிஸ்தான் பகுதிகளும் கடுமையாகச் சூடேறுவதால் அங்கே தரைக்கு அருகே காற்றழுத்தம் மிகவும் குறைகிறது. தெற்கே இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே மஸ்கரின் தீவுகள் பக்கம் அழுத்தம் அதிகமாக இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் காற்று நிலநடுக்கோட்டைக் கடந்து, அரபிக்கடல் மீது திரும்பி, வழியில் ஈரத்தை அள்ளிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து மோதுகிறது. அந்தக் காற்று நடுவழியில் மலைமீது விடுகிற மழைதான் கூடலூர்த் தேயிலைக்கும், குந்தாவின் அணைகளுக்கும், பவானி ஆற்றுக்கும் உயிர். எந்த வெப்பத்தை நோக்கி அது இழுக்கப்படுகிறதோ அந்த நிலத்துக்கே அதில் மிகக் குறைந்த பங்கு கிடைக்கிறது.

ஆனால் இதிலிருந்து, ராஜஸ்தானில் மே மாத வெயில் கடுமையாக இருந்தால் நமக்கு ஜூலையில் நல்ல மழை என்று கணித்துவிட முடியாது. வடமேற்கின் வெப்பத் தாழ்வு ஓர் உறுப்பு மட்டுமே. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிலை, இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலை, திபெத்திய உயர்நிலத்தின் வெப்பம் ஆகியவையும் சேர்ந்தே பருவமழையைத் தீர்மானிக்கின்றன. ராஜஸ்தானிலிருந்து வங்கக் கடல் வரை நீளும் குறைந்த அழுத்தப் பட்டை இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டால், ராஜஸ்தானிலும் மழை நின்றுபோகிறது, நம் மேற்குச் சரிவுகளிலும் பல நாட்கள் மழை ஓய்கிறது. ஜூலை நடுவில் திடீரென்று ஒரு வாரம் வானம் வெளுத்து, தேயிலைத் தோட்டத்தில் வெயில் காய்ந்தால், அதே வாரத்தில் ஜோத்பூர் விவசாயியும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மாதவாரியாக வானிலை எப்படி இருக்கும்?

ஜனவரி, பிப்ரவரி: பகலில் 24 முதல் 27 டிகிரி, இரவில் 8 முதல் 11 டிகிரி என்பது ஜெய்சல்மேரின் சராசரி. வடக்கே சூரு, பிகானேர் பக்கம் குளிர் அதிகம். சூருவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவுகளும் வருவதுண்டு. ஸ்ரீகங்காநகர் பக்கம் அடர்ந்த மூடுபனி விழுந்து ரயில்கள் தாமதமாகும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் காற்றழுத்தத் தாழ்வுகளால் ஓரிரு நாள் சிறு மழை பெய்யும். அங்குள்ளவர்கள் இதை மாவட் என்கிறார்கள். அளவு சில மில்லிமீட்டர்தான் என்றாலும் கோதுமை, கடுகு, கொண்டைக்கடலைப் பயிர்களுக்கு அது பொன்னானது. சீரகம் பூத்திருக்கும்போது பெய்தால் மட்டும் நோய் வந்துவிடும்.

மார்ச், ஏப்ரல்: வெப்பம் வேகமாக ஏறுகிறது. மார்ச்சில் 33 டிகிரியாக இருக்கும் பகல், ஏப்ரலில் 38ஐத் தொடும். இரவு இன்னும் இதமாக இருக்கும். மழை கிடையாது.

மே, ஜூன்: இந்த இரண்டு மாதங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு இவை முற்றிலும் புதிய அனுபவம். சராசரி உச்ச வெப்பநிலை 42 டிகிரி. 45, 46 என்பது செய்தியே அல்ல. 2016 மே 19 அன்று பலோடியில் பதிவான 51 டிகிரி, இந்தியாவில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையாகக் கருதப்படுகிறது. 2019 ஜூன் தொடக்கத்திலும் 2024 மே இறுதியிலும் சூரு 50 டிகிரியைத் தாண்டியது. முற்பகலில் கிளம்பும் லூ என்னும் அனல்காற்று மாலை வரை ஓயாது. வியர்வை வந்ததே தெரியாமல் காய்ந்துவிடுவதால், உடம்பு நீரை இழப்பதும் தெரிவதில்லை. கோயம்புத்தூர் வெயிலே தாங்காமல் மாலையிலேயே மலையேறிவிடுகிற நமக்கு இது எவ்வளவு ஆபத்து என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இரவிலும் வெப்பநிலை 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஜூன் பிற்பகுதியில் ஈரப்பதம் கூடத் தொடங்கும்; வெப்பநிலை ஓரிரு டிகிரி குறைந்தாலும் அவதி குறையாது.

ஜூலை, ஆகஸ்ட்: ஆண்டு மழையின் பெரும்பகுதி இந்த இரு மாதங்களில்தான். மழை பெய்த மறுநாள் வெப்பநிலை 33, 34க்கு இறங்கும். பத்து நாள் பெய்யாவிட்டால் மீண்டும் 40. மழையும் நம் சாரலைப் போல நாள் முழுக்கத் தூறுவதில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் இடியோடு கொட்டிவிட்டு ஓடிவிடும். ஒரு கிராமத்தில் வரப்பு உடையும் அளவுக்குப் பெய்ய, ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்தில் புழுதிகூட அடங்காது.

செப்டம்பர்: முதல் பாதியில் மழைக்கு வாய்ப்பு உண்டு, பிறகு இல்லை.

அக்டோபர்: நமக்கு இரண்டாம் சீசன் நடந்துகொண்டிருக்கும்போது அங்கே மறுபடியும் ஒரு சிறு கோடை. பகலில் 36 டிகிரி வரை போகும். இந்த மாதத்தில் குளிர் இருக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

நவம்பர், டிசம்பர்: தெளிந்த வானம், 26 முதல் 31 டிகிரி வரை பகல், 9 முதல் 14 டிகிரி வரை இரவு. வானிலையைப் பொறுத்தவரை ஆண்டின் மிகச் சிறந்த காலம் இதுவே.

ஊட்டிக் குளிர் பழகிய எங்களுக்குப் பாலைவனக் குளிரெல்லாம் ஒரு பொருட்டா?

அப்படி எண்ணி ஸ்வெட்டர் இல்லாமல் போகக்கூடாது. ஜெய்சல்மேரின் டிசம்பர் இரவு ஊட்டியின் டிசம்பர் இரவைவிடக் கடுமையானது அல்ல என்பது உண்மைதான். ஆனால் பகலுக்கும் இரவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு உடம்பை அசத்திவிடும். பகலில் அரைக்கைச் சட்டையோடு நடந்துவிட்டு, சம் என்னும் ஊரின் மணல்மேடுகளில் சூரியன் மறையும் வரை உட்கார்ந்திருந்தால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நடுக்கம் எடுக்கும். மணல் பகலில் எவ்வளவு விரைவாகச் சூடாகிறதோ அவ்வளவு விரைவாகச் சூட்டை இழக்கிறது.

இதன் இயக்கம் நமக்கு நன்கு தெரிந்ததே. ஜனவரியில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளையாக உறைபனி மூடிக் கிடப்பது, முந்தைய இரவு வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் அசைவற்றும் இருக்கும்போதுதான். இரவில் மேகம் ஒரு கம்பளிப் போர்வை போலத் தரையின் சூட்டைக் காக்கிறது; அது இல்லாத இரவில் சூடு நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. மேகம் கவிந்த ஜூலையில் ஊட்டியில் பகல் குளிராக இருந்தாலும் உறைபனி விழுவதில்லை. பாலைவனத்தில் ஏறக்குறைய எல்லா இரவுகளும் போர்வை இல்லாத இரவுகள். உதடும் குதிகாலும் வெடிப்பது அங்கே நிச்சயம் என்பதால், ஜனவரியில் இங்கே தடவும் தேங்காய் எண்ணெயையோ களிம்பையோ அங்கும் எடுத்துச் செல்லலாம்.

என் மகனுக்கு மே மாதத்தில் அங்கே பணி மாற்றம் வந்திருக்கிறது. என்ன சொல்லி அனுப்புவது?

வீரர்களை வெயிலுக்குப் பழக்கும் முறைகள் படையில் உண்டு. எனவே பெற்றோர் அளவுக்கு மீறி அஞ்ச வேண்டியதில்லை. குளிர்ந்த ஊரிலிருந்து போகும் உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். ஆபத்து அதிகமாக இருப்பது அந்த முதல் நாட்களில்தான். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் உப்பும் சேர வேண்டும், அதற்கு மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ ஏற்றது. தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் சமாளித்துவிடலாம் என்று வேலையைத் தொடரக்கூடாது. பேச்சு குழறுவதோ, நினைவு தடுமாறுவதோ வெப்பவாதத்தின் (ஹீட் ஸ்ட்ரோக்) அறிகுறி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நீரால் நனைத்துக் குளிரச் செய்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கூச்சப்பட்டு மறைக்காதே என்பதை மட்டும் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். முழுக்கை பருத்தி உடையும் முகத்தைச் சுற்ற ஒரு பெரிய துண்டும் எப்போதும் உதவும்.

புழுதிப் புயல் வந்தால் என்ன செய்வது?

மே, ஜூன் மாதங்களில் இது வழக்கமானது. அடிவானத்தில் பழுப்பு நிறச் சுவர் ஒன்று எழுந்து வருவதுபோல் தெரிந்தால், சில நிமிடங்களில் அது நம்மை மூடிவிடும். வாகனத்தில் இருந்தால் சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்தி, விளக்குகளை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு காத்திருப்பதே பாதுகாப்பு. விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று எண்ணி மோதிவிடக்கூடும். கொண்டை ஊசி வளைவுகளில் மேகமூட்டத்தில் வண்டி ஓட்டிப் பழகிய நம் ஓட்டுநர்கள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக நகரவே விரும்புவார்கள். அங்கே அது கூடாது.

இவ்வளவு குறைந்த மழையில் என்ன பயிர் விளையும்?

முதலில் கம்பு. ஜூலையில் ஒரு நல்ல மழை விழுந்ததும் விதைத்து, எழுபது எண்பது நாட்களில் அறுத்துவிடலாம். அதோடு நரிப்பயறு, பச்சைப்பயறு, கொத்தவரை, எள். நரிப்பயறு தரையோடு படர்ந்து மண்ணின் ஈரத்தைக் காப்பதால், மற்றவை கருகினாலும் அது கொஞ்சமாவது தரும். கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்க்கும் நம் விவசாயிக்கு அங்கே கிடைக்கும் விளைச்சல் மிகச் சொற்பமாகத் தெரியும். ஆனால் அவர்கள் ஒரே நிலத்தில் பயிர், மரம், கால்நடை மூன்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

அந்த மரம் நமக்கும் தெரிந்ததே. தமிழ்நாட்டுக் கோயில்களில் தல மரமாக நிற்கும் வன்னியைத்தான் அங்கே கேஜ்ரி என்கிறார்கள். ராஜஸ்தானின் மாநில மரமும் அதுவே. கம்பங்கொல்லையின் நடுவே அது நிற்கும்; அதன் வேர் ஆழத்திலிருந்து நீரை எடுப்பதால் பயிரோடு போட்டியிடுவதில்லை, இலை ஆட்டுக்குத் தீவனம், காய் மனிதருக்குக் கறி. 1730இல் ஜோத்பூருக்கு அருகே கேஜட்லி கிராமத்தில் இந்த மரங்களை அரசனின் ஆட்கள் வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி உட்பட பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர் கொடுத்ததாக வரலாறு சொல்கிறது. வறண்ட நிலங்களுக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம் 1959 முதல் ஜோத்பூரில் இந்த மரத்தையும் இந்தப் பயிர்களையும் ஆராய்ந்து வருகிறது.

குடிநீருக்கு என்ன செய்கிறார்கள்?

இப்போது ஹரிகே தடுப்பணையிலிருந்து வரும் இந்திரா காந்தி கால்வாய் பல ஊர்களுக்கு நீர் தருகிறது. அது எட்டாத குடியிருப்புகளில் டாங்கா எனப்படும் நிலத்தடித் தொட்டிதான் ஆதாரம். அதன் அமைப்பை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வட்டமான ஒரு தரையை நடுவை நோக்கி மெல்லிய சரிவாகத் தேய்த்து, மண்ணை இறுக அடித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். நடுவில் தொட்டி, உட்சுவர் சுண்ணாம்பாலோ சிமெண்டாலோ பூசப்பட்டிருக்கும். நீர் நுழையும் துளைகளில் குப்பையும் பூச்சியும் போகாதபடி முள்ளோ கம்பி வலையோ வைக்கப்பட்டிருக்கும். மேலே மூடி, மூடிக்குப் பூட்டு. மழைக்காலம் நெருங்கும்போது அந்தத் தரையைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள்; செருப்புக் காலோடு யாரும் அதில் நடப்பதில்லை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். பத்து மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 200 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் 62,000 லிட்டருக்கு மேல். அதில் பாதி மட்டுமே தொட்டிக்குள் இறங்கினாலும் 30,000 லிட்டர். ஒரு குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஆண்டு முழுவதும் போதும். 1,200 மி.மீ. பெய்யும் ஊட்டியில், குன்னூரில், மார்ச் மாதத்தில் குடிநீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தெருக்களை நினைக்கும்போது எனக்கு இந்தக் கணக்கு வேதனை தருகிறது. நம் வீட்டுத் தகரக் கூரைகள் அவர்களுடைய மண் தரையைவிடப் பல மடங்கு நல்ல நீர்ப்பிடிப்புப் பரப்பு.

ஜெய்சல்மேர் பகுதியில் பாலிவால் சமூகத்தினர் பல நூற்றாண்டுகளுக்கு முன் உருவாக்கிய கடீன் முறை இன்னொன்று. பாறைச் சரிவின் அடியில் நீண்ட மண்கரை எழுப்பி, ஓடிவரும் நீரைத் தேக்கி, அது மண்ணில் ஊறிய பிறகு அந்த ஈரத்திலேயே குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிப்பது அது.

பாலைவனத்தில் வெள்ளம் வருமா?

வரும், வந்திருக்கிறது. 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்வதைவிட அதிகமான மழை சில நாட்களில் கொட்டியது. கவாஸ் போன்ற கிராமங்கள் முழுகின. மணலுக்கு அடியில் நீரை உறிஞ்சாத ஜிப்சம் படிவம் இருந்ததால் வெள்ளம் வடியாமல் நீண்ட நாட்கள் ஏரியாகத் தேங்கி நின்றது. 2023 ஜூனில் குஜராத்தில் கரையேறிய பிப்பர்ஜாய் புயலும் பார்மேர், ஜாலோர், பாலி மாவட்டங்களில் பெருமழை தந்தது. ஓடைகள் பெரும்பாலும் வறண்டே கிடப்பதால் அவற்றின் பாதையில் வீடு கட்டியிருப்பார்கள். மண் வீடுகள் தொடர் மழையைத் தாங்குவதில்லை. நம் மலையில் மழை வந்தால் சரிவு என்று அஞ்சுகிறோம். அங்கே நீருக்குப் போக வழியே இல்லாததுதான் அச்சம்.

பருவமழை பொய்த்த ஆண்டுகளில் என்ன நடந்தது?

1899–1900இல் வந்த பஞ்சத்தை அங்கே இன்றும் சப்பனியா பஞ்சம் என்று பேசுகிறார்கள்; மனிதரும் கால்நடைகளும் பேரளவில் மடிந்தனர். அண்மைக் காலத்தில் 1987உம் 2002உம் கொடிய வறட்சி ஆண்டுகள். 2002 ஜூலையில் நாடு முழுவதற்குமான மழையே இயல்பில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

வெட்டுக்கிளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பாலைவன வெட்டுக்கிளி ஈரமான மணலில்தான் முட்டையிடும். குஞ்சுகளுக்குப் பச்சைப் புல் வேண்டும். ஆகவே தாரின் பருவமழைக் காலம் அவற்றின் கோடைக்கால இனப்பெருக்கக் காலமாகிறது. 2019–20இல் பெருங்கூட்டமாக வந்து சீரகத்தையும் கடுகையும் தின்று தீர்த்தன.

அங்கே மழை கூடிவருகிறது என்கிறார்களே?

வடமேற்கு இந்தியாவில் அண்மைப் பத்தாண்டுகளில் மழை கூடும் போக்கைப் பதிவுகள் காட்டுகின்றன. பருவமழை விலகும் தேதி பின்னுக்குத் தள்ளப்பட்டதும் இதோடு பொருந்துகிறது. ஆனால் கூடுதல் மழை சீராகப் பரவி வருவதில்லை. சில நாட்களில் கொட்டும் பெருமழையாகவே வருகிறது. செப்டம்பர் கடைசியில் வரும் மழை, முற்றிய கம்பங்கதிரை வயலிலேயே முளைக்க வைத்துவிடுகிறது. பாலைவனம் பசுமையாகப் போகிறது என்று மகிழ்வதற்கு முன் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சுற்றுலாவுக்கு எந்த மாதம் நல்லது?

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை. ஜெய்சல்மேரின் பாலைவனத் திருவிழா மாசிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும். அப்போது அறைகள் கிடைப்பது கடினம் என்பதால் முன்பதிவு செய்ய வேண்டும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையான மே மாதத்தில் குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும். பாலைவனம் பசுமையாக இருப்பதைப் பார்க்க விரும்புவோர், புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் ஆகஸ்ட் பிற்பகுதியில் போகலாம்.

முன்னறிவிப்பை எங்கே பார்ப்பது, எப்படிப் புரிந்துகொள்வது?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஜெய்ப்பூர் மையம் ராஜஸ்தானுக்கும், சென்னை மண்டல மையம் நீலகிரிக்கும் மாவட்டவாரியாக எச்சரிக்கை வெளியிடுகின்றன. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆனால் எதற்கான எச்சரிக்கை என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். நீலகிரிக்குச் சிவப்பு என்றால் பெரும்பாலும் 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் அதி கனமழைக்கான வாய்ப்பு. மே மாதத்தில் ஜெய்சல்மேருக்குச் சிவப்பு என்றால் கடும் வெப்ப அலை. சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரி அதிகமாக இருந்தால் வெப்ப அலை. இயல்பு எதுவாக இருந்தாலும் 45ஐத் தொட்டால் வெப்ப அலை, 47ஐத் தொட்டால் கடும் வெப்ப அலை. மலைப் பகுதிகளுக்கு இந்தக் கணக்கு 30 டிகிரியிலேயே தொடங்குகிறது. பயணத்துக்கு முந்தைய ஐந்து நாட்களின் அறிவிப்பைத் தொடர்ந்து பாருங்கள். பாலைவன மழையைப் பொறுத்தவரை அதற்கு அப்பாலுள்ள கணிப்பை நம்பி டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம்.